மாதவிடாய்க் கோப்பை: பயன்பாட்டு மதிப்புரை

உடல்நலத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒருசேர நல்லது என்று சொல்லி விற்கப்படும் பொருள்களுள், சொன்ன சொல்லைப் பெருமளவுக்குக் காப்பாற்றும் ஒன்று, மாதவிடாய் இரத்தத்தைச் சேகரிக்க யோனிக்குள் வைக்கும் மாதவிடாய்க் கோப்பை. சில ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தி வருபவள் என்ற முறையில் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் எல்லாருக்கும் ஒரே கோப்பை பொருந்தாது என்பதையும், வாங்கியவுடன் பழகிவிடாது என்பதையும் விற்பவர்கள் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை. பாதியில் கைவிடுபவர்களில் பலர் அந்தத் தகவல் கிடைக்காததால்தான் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க நடிகை லியோனா சால்மர்ஸ் 1937-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அன்றைய கோப்பை ரப்பரால் ஆனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரப்பர் தட்டுப்பாடு அதன் உற்பத்தியை முடக்கியது. இப்போது பெரும்பாலும் மருத்துவத் தர சிலிக்கோனில் செய்கிறார்கள். நான் பயன்படுத்துவது மணி வடிவம் கொண்ட, நடுத்தர உறுதியுள்ள, சிறிய அளவுக் கோப்பை. பொதுவாக ஒரு கோப்பை 20 முதல் 30 மில்லிலிட்டர் வரை கொள்ளும். ஒரு மாதவிடாயின்போது வெளியேறும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் என்பதால், இரத்தப்போக்கு மிகுந்த நாளில்கூடப் பெரும்பாலோர்க்கு அடிக்கடி காலி செய்யும் தேவை இருக்காது.

இந்த அளவுக்கணக்கில் நான் பெரிதாக மதிக்கும் பயன் ஒன்று உண்டு. நாப்கின் உறிஞ்சிக்கொள்வதால் எவ்வளவு இரத்தம் போகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை; கோப்பையின் உட்சுவரில் உள்ள அளவுக்கோடுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு சுழற்சியில் மொத்தம் 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதை மிகைப்போக்கு என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அது இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கும் இரத்தசோகைக்கும் வழிவகுக்கும். "நிறையப் போகிறது" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் இப்போது எண்களைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல முடிகிறது என்பது, விளம்பரங்களில் இடம்பெறாத போதிலும், உடல்நல நோக்கில் இப்பொருளின் மிகச் சிறந்த பண்பு.

கோப்பையைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் வயதையும் மகப்பேற்றையும் மட்டுமே பார்க்கிறார்கள், ஏனெனில் உறையில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றைவிட முக்கியமானது கருப்பை வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. மாதவிடாய் நாள்களில் கையை நன்கு கழுவிவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தால், மூக்கு நுனியைப் போன்ற உறுதியுடன் அது தட்டுப்படும். விரலின் முதல் கணுவுக்குள்ளேயே தட்டுப்பட்டால் குட்டையான கோப்பை வேண்டும். நீளமானதை வாங்கினால் அதன் அடியில் உள்ள காம்பு வெளியே உறுத்திக்கொண்டே இருக்கும். அடுத்தது உறுதி. மென்மையான கோப்பை உள்ளே முழுதாக விரிய மறுக்கலாம், அப்போது கசிவு ஏற்படும்; மிகவும் விறைப்பான கோப்பை எளிதில் விரிந்தாலும் சிறுநீர்ப்பையை அழுத்தி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும் உணர்வைத் தரும். முதல் முறை வாங்குபவர்கள் நடுத்தர உறுதியில் தொடங்குவது நல்லது. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் என்ன பொருளால் ஆனது என்பதை உறையில் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

உள்ளே வைப்பதைவிட வெளியே எடுப்பதே பயிற்சி தேவைப்படும் பகுதி. மடித்து உள்ளே செலுத்தியபின் கோப்பை விரிந்து, யோனிச் சுவருடன் ஒட்டி, ஒரு வெற்றிடப் பிடிப்பை உருவாக்குகிறது. கசியாமல் இருப்பது அந்தப் பிடிப்பால்தான். ஆகவே காம்பைப் பிடித்து நேராக இழுக்கக் கூடாது. சற்றே முக்கி, அடிப்பகுதியை விரல்களால் அழுத்திப் பிடிப்பைத் தளர்த்திய பிறகே மெல்ல வெளியே கொண்டுவர வேண்டும். இதைப் பொருட்படுத்தாமல் இழுப்பது வலியைத் தரும். கருப்பைக்குள் காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனம் வைத்திருப்பவர்களுக்கு அச்சாதனமே இடம் பெயர்ந்து வெளியேறும் வாய்ப்பும் உண்டு என்பதால், அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கோப்பையைத் தொடங்கவே கூடாது. மகப்பேறு முடிந்தவர்களும் மருத்துவர் பரிசோதித்து ஒப்புதல் தரும் வரை காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று சுழற்சிகளில் துணை நாப்கின் ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டால் கசிவைப் பற்றிய பதற்றம் குறையும். பதற்றத்தில் தசைகள் இறுகுவதுதான் தொடக்கச் சிக்கல்கள் பலவற்றுக்கும் காரணம்.

பாதுகாப்பு குறித்துச் சொல்ல வேண்டியது ஏராளம். லான்செட் பப்ளிக் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் 2019-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, 43 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 3,300 பேரின் தகவல்களைப் பரிசீலித்து, கசிவைப் பொறுத்தவரை கோப்பை மற்ற பொருள்களுக்கு நிகராகவோ மேலாகவோ இருக்கிறது என்றும், பாதுகாப்பானது என்றும் முடிவு கூறியது. பாக்டீரியா நச்சால் வரும், உயிருக்கே ஆபத்தான நச்சு அதிர்ச்சி நோய்க்குறி மிக அரிதாகவே பதிவாகியுள்ளது. அரிது என்பதற்காக அதை மறந்துவிடக் கூடாது: திடீர்க் கடுங்காய்ச்சல், வாந்தி, வெயிற்புண் போன்ற தடிப்பு, தலைச்சுற்றல் ஆகியவை சேர்ந்து வந்தால் கோப்பையை உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெரும்பாலான உற்பத்தியாளர்கள் 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்கிறார்கள். நான் எட்டு மணி நேரத்துக்குமேல் வைப்பதில்லை, மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன். இடம் தவறி அமர்ந்த கோப்பை சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயை அழுத்திச் சிறுநீரக வீக்கத்தை ஏற்படுத்திய அரிய நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் வந்துள்ளன. விலாப்புற வலியோ சிறுநீரில் இரத்தமோ தென்பட்டால் கோப்பை பயன்படுத்துவதையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சுத்தம் செய்வது எளிது. ஒவ்வொரு சுழற்சிக்கு முன்னும் பின்னும் கொதிநீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் மூழ்கியிருக்கும்படி கொதிக்க வைக்க வேண்டும். இடையே காலி செய்யும்போது தூய நீரால் கழுவினால் போதும். விளிம்புக்குக் கீழே உள்ள நுண்துளைகளில் இரத்தம் படிந்து தங்கிவிடுவதால், நீரால் நிரப்பி, வாயை உள்ளங்கையால் மூடி, கவிழ்த்து அழுத்தி, அத்துளைகள் வழியே நீரைப் பீய்ச்ச வேண்டும். ப்ளீச், வாசனைச் சோப்பு, எண்ணெய் ஆகியவை வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் வைக்காமல் பருத்திப் பையில் வைக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் கணக்கும் தெளிவானது. சுழற்சிக்கு 12 நாப்கின் என்று குறைவாக வைத்துக்கொண்டாலே பத்தாண்டில் 1,400-ஐத் தாண்டும். அவற்றின் அடித்தாளும் பெரும்பாலானவற்றின் மேல்தாளும் உறிஞ்சுபொருளில் ஒரு பகுதியும் பிளாஸ்டிக் சார்ந்தவை. அவற்றை மட்கச் செய்யவும் முடியாது, திறந்தவெளியில் எரித்தால் நச்சுப்புகை வரும். நன்கு பராமரிக்கப்படும் ஒரே கோப்பை அந்தப் பத்தாண்டுகளுக்கும் உழைக்கும்.

எனினும் சில விற்பனையாளர்கள், கோப்பை வயிற்றுவலியைப் போக்கும் என்றும் உடலின் நச்சுகளை வெளியேற்றும் என்றும் எழுதுவது எனக்குக் கவலையளிக்கிறது. சூதக வலி கருப்பைத் தசைகள் சுருங்குவதால் வருவது. இரத்தத்தைச் சேகரிக்கும் ஒரு கிண்ணத்தால் அதை மாற்ற முடியாது. கடும் வலியால் துன்புறும் பெண் இத்தகைய வாக்குறுதியை நம்பி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற நோயைக் கண்டறியும் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், இழப்பு அவருக்குத்தான். உடலுக்குள் எதையும் வைக்க விரும்பாதவர்கள் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினைத் தேர்ந்தெடுக்கலாம்; நன்கு துவைத்து வெயிலில் முழுமையாகக் காயவைக்க வசதி இருந்தால் அதுவும் பசுமையான வழியே.

கறை படிந்து நிறம் மாறுவதால் மட்டும் கோப்பையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மேற்பரப்பு பிசுபிசுப்பாகவோ பொடிபடிந்தாற்போலவோ மாறினாலும், கீறலோ விரிசலோ தெரிந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். சிலிக்கோன் மண்ணில் மட்காது, வீட்டுக் குப்பையைப் பிரிக்கும் பெரும்பாலான மறுசுழற்சி ஏற்பாடுகள் அதை எடுத்துக்கொள்வதும் இல்லை. வாங்கும்போதே, பழைய கோப்பையைத் திரும்பப் பெறும் நிறுவனமா என்று விசாரித்துத் தேர்ந்தெடுங்கள்.