சுண்டெலி மூளையைப் பார்க்க: எக்ஸ்ப்ளோரரா, பைத்தானா?

1949இல் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது இதே வேலூரில்தான். காட்பாடி மாடி அறையில், மே மாத வெயிலில், 8 ஜிபி ரேம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் பார்ப்பதோ சியாட்டிலின் ஆலன் மூளை ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் சுண்டெலி மூளைத் தரவு. எந்த மரபணு எங்கே வெளிப்படுகிறது, எந்தப் பகுதியின் நரம்பு இழை எங்கே போகிறது, இரண்டும் அதில் உண்டு.

அதைப் பார்க்க ஆலன் தரும் முப்பரிமாண மென்பொருள் பிரெய்ன் எக்ஸ்ப்ளோரர் 2. அதில் நிரல் எழுத வேண்டாம். மூளையைத் திருப்பலாம், மரபணுவையும் இழையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம். எட்டிப் பார்த்த தங்கச்சி, "அண்ணா, சீரியல் லைட் போட்ட காலிஃபிளவர் மாதிரி இருக்கு" என்றாள். சரிதான். சிக்கலும் அந்த அழகில்தான்.

மூளையின் மேலடுக்கில் பார்வையைக் கவனிக்கும் பகுதியான பார்வைப் புறணியில், இழைகளை ஒளிரவைக்கும் மருந்தை ஊசியாகப் போட்ட எலியின் தரவை எடுத்தேன். மூளை நடுவே புலன் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் தலாமசைச் சுற்றிய மெல்லிய ரெட்டிகுலர் உறையில் இழை மின்னியது. பார்வால்புமின் மரபணுவும் அங்கேதான் தூக்கல். "இணைப்பு கிடைத்துவிட்டது" என்று குதிக்கத் தோன்றும். ஆனால் பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிற லாரியெல்லாம் வேலூரில் சரக்கு இறக்குவதில்லை. புறணியிலிருந்து தலாமசுக்குப் போகும் இழைகள் அந்த உறையைக் கடந்துதான் ஆக வேண்டும். கடப்பதா, முடிவதா என்று அந்த ஒளிர்வு சொல்லாது. பைத்தான் நிரல்மொழியில் இதே தரவை எண்ணாக இறக்கித் தரும் ஆலன்எஸ்டிகே தொகுப்பைப் போட்டாலும் சொல்லாது.

ஆனால் எஸ்டிகேயில், மூளையைக் கூறுபோட்ட கனசதுரக் கட்டத்தின் அளவு கண்ணில் படும். வெளிப்பாட்டுத் தரவின் கட்டம் 200 மைக்ரான், நான் இறக்கிய இழைத் தரவின் கட்டம் 100. ஒரு பெரிய கட்டத்துக்குள் எட்டுச் சின்னக் கட்டம்; சராசரி எடுத்த பிறகே ஒப்பிட முடியும். இவ்வளவு மெல்லிய உறையில் 200 மைக்ரான் என்றால் பக்கத்துப் பகுதியும் கலந்துவிடும். ஒருமுறை இறக்கிய கோப்பு வட்டிலேயே தங்குவதால், கரண்ட் போய் மோடம் அணைந்தாலும் பேட்டரியில் வேலை ஓடும். 10 மைக்ரான் வரைபடத்தை மட்டும் தொடாதீர்கள்: 1320×800×1140 கட்டம், கட்டத்துக்கு 4 பைட் வைத்தால் 4.8 ஜிபி. என் லேப்டாப் உறைந்தே போனது. 25 மைக்ரான் போதும்.

மனித மூளை என்றால், ஆலனின் மனித மரபணுத் தரவைக் கையாளும் ஏபஜென் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. ஆனால் அந்த ஆலன் தரவு 6 பேருடையது, மூளையின் வலப்பக்கத் தரவு 2 பேருக்கு மட்டும்.

எண் வேண்டியவருக்கு என் ஓட்டு எஸ்டிகேக்கே. ஆனாலும் எக்ஸ்ப்ளோரரை அழிக்கவில்லை. போன வாரம் நல்ல எண் தந்த ஒரு சோதனையை அதில் திறந்து பார்த்தால், ஊசி மருந்து பக்கத்துப் பகுதிக்கும் கசிந்திருந்தது. என் அட்டவணையில் அதற்குக் கட்டமே வைக்கவில்லை.