பம்பலப்பிட்டியில் திருத்திய பெரியப்பாவின் லப்டொப்

இந்த முறை கொழும்பில் வங்கி, கைபேசிக் கடை, கண் டொக்டர் என்று பல இடங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. அவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வரிசையில் நின்றோம், வேலை முடிந்தது. பெரியப்பாவின் லப்டொப் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் வாட்ஸ்அப்பில் அவர்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு, என்ன செய்யச் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறோம்.

பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறார். காலையில் வீரகேசரி, தினக்குரல் இணையப் பக்கங்கள், அப்புறம் வங்கிக் கணக்கு, மாதம் ஒருமுறை கரண்ட் பில், எல்லாமே குறோம் பிரவுசரில்தான். நான் போனபோது எதுவும் திறக்கவில்லை. "இன்டர்நெட் போட்டுது" என்றார். ஆனால் அதே வைஃபையில் என்னுடைய கைபேசி வேலை செய்தது. லப்டொப்பில் ஸ்கைப்புக்குப் பதிலாக அவர் பழகிக்கொண்ட வாட்ஸ்அப்பும் வேலை செய்தது. குறோமைத் திறந்தால் மட்டும், உங்கள் இணைய இணைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது, ஃபயர்வோலோ (இணைப்புகளை விடுவதா மறிப்பதா என்று முடிவுசெய்யும் காவல் புரோகிராம்) அன்டிவைரஸோ தடுத்திருக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நெட்வொர்க் அக்சஸ் டினைட் என்று ஒரு குறியீடு.

அந்தச் சின்ன எழுத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். தளத்தின் பெயரைத் தேட முடியவில்லை, நேரம் முடிந்துவிட்டது, தளம் உண்மையானதா என்று காட்டும் சான்றிதழில் பிழை என்று வந்தால் காரணம் வேறு, திருத்தும் வழியும் வேறு. கடைக்குப் போவதற்கு முன் கைபேசியில் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இணைய நிறுவனத்துக்குத்தான் அழைத்தோம். தமிழ் இலக்கத்தை அழுத்தியதும் தமிழிலேயே ஒரு பெண் கதைத்தார். ரவுட்டர் விளக்குகளைப் பற்றிக் கேட்டார், அங்கிருந்தே லைனைச் சோதித்தார், இணைப்பில் கோளாறு இல்லை, கொம்பியூட்டரைக் காட்டுங்கள் என்றார். சரியான பதில். நேரத்தையும் வீணாக்கவில்லை.

அடுத்து வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கடை. அங்கே நடந்தது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. லப்டொப்பைத் திறந்து குறோமைப் பார்த்த உடனேயே "ஃபோர்மட் அடிக்கவேணும், வைரஸ்" என்றார்கள். மூவாயிரம் ரூபாய், இரண்டு நாள். மூடியில் ஒட்டுவதற்கு ஒரு துண்டுத் தாளைத் தந்து, விண்டோஸ் பாஸ்வேர்டை எழுதச் சொன்னார்கள். ஃபோர்மட் செய்தால் இந்தக் கோளாறு போய்விடும் என்பது உண்மைதான். அதோடு பெரியம்மாவின் படங்கள், பெரியப்பா வருடக்கணக்காகத் தட்டெழுதி வைத்திருக்கும் பாடக் குறிப்புகள் எல்லாம் போயிருக்கும். பாஸ்வேர்ட் விடயம் அதைவிட மோசம். விண்டோஸ் பாஸ்வேர்டைக் கொடுத்தால் குறோம் சேமித்து வைத்திருக்கும் மற்ற எல்லாப் பாஸ்வேர்டுகளையும் திறந்து பார்க்கலாம். அதில் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டும் இருந்தது. பெரியப்பா பேனையைக் கையில் எடுத்துவிட்டார். நான் லப்டொப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவுக்குப் போனோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காலி வீதியில் மஜெஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்துக் கட்டடம். கொழும்பில் கொம்பியூட்டர் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் இடம். வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் பம்பலப்பிட்டி. கடற்கரையை ஒட்டியே போகும். பெரியப்பாவுக்குக் காலி வீதிப் பஸ் நெரிசலைவிட அது லேசாக இருந்தது.

மேல்மாடியில் ஒரு சின்னக் கடை. பக்கத்தில் நின்றவருடன் சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்த இளைஞர் எங்களிடம் தமிழுக்கு மாறினார். "இருங்க அங்கிள், இங்கேயே பார்ப்பம்" என்று கதிரை போட்டார். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. "நீங்களே அடிங்க" என்று லப்டொப்பைப் பெரியப்பாவின் பக்கம் திருப்பிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் பார்த்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. முதலில் திகதியும் நேரமும் சரியா என்று பார்த்தார். கறுப்புத் திரையைத் திறந்து இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு பிங் செய்தி அனுப்பினார், பதில் வந்தது. அப்புறம் எட்ஜ் பிரவுசரைத் திறந்தார். அதில் எல்லாப் பக்கங்களும் திறந்தன. அப்படியென்றால் லைனும் சரி, விண்டோஸும் சரி, குறோமை மட்டும் குறிவைத்து ஏதோ ஒன்று தடுக்கிறது. விண்டோஸின் சொந்த ஃபயர்வோலில் வெளியே போகும் இணைப்புகளுக்கான பட்டியலைப் பார்த்தார். குறோமைத் தடுக்கும் விதி எதுவும் அங்கே இல்லை.

இதைப் பெரியப்பாவுக்கு அவர் விளங்கப்படுத்தியது அழகு. "அங்கிள், உங்கட ஃபிளட்டில செக்யூரிட்டி இருக்கிறார்தானே? உள்ளுக்கு வாறவங்களைத்தான் அவர் யார் எண்டு கேப்பார். வெளிய போற உங்களைக் கேக்க மாட்டார். விண்டோஸ் ஃபயர்வோலும் அப்படித்தான். ஆனா நீங்க வாங்கேக்க இதுல போட்டுத் தந்த அன்டிவைரஸ், வெளிய போற ஆக்களையும் மறிச்சுக் கேக்குது." உண்மையும் அதுதான். யாராவது மாற்றி வைக்காதவரை விண்டோஸ் ஃபயர்வோல் வெளியே போகும் இணைப்புகளை அனுமதிக்கிறது, கேட்காமல் உள்ளே வருகிறவற்றைத்தான் தடுக்கிறது. பிரவுசர் வெளியே போகிற புரோகிராம். ஆகவே பிரவுசர் அடைபட்டிருந்தால் பெரும்பாலும் மேலதிகமாகப் போட்ட பாதுகாப்பு சொஃப்ட்வெயாரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அந்த அன்டிவைரஸின் ஃபயர்வோல் பட்டியலில் குறோமுக்கு எதிரே சிவப்புக் குறி இருந்தது. குறோம் தன்னைத்தானே அடிக்கடி புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பித்த பிறகு சில ஃபயர்வோல்கள் அதைப் புதிய புரோகிராமாக எண்ணி, விடலாமா தடுக்கலாமா என்று கேட்கும். ஆங்கிலத்தில் திடீரென்று ஒரு பெட்டி வந்தால், தெரியாததைத் தடுப்பதுதான் பாதுகாப்பு என்று எந்த மனிதரும் நினைப்பார். பெரியப்பா அப்படித்தான் அழுத்தியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வியை அவருக்கு விளங்கும் மொழியில் கேட்காததுதான் குறை. சிவப்பைப் பச்சையாக்க முயன்றபோது, உரிமம் காலாவதி, பணம் கட்டுங்கள் என்று திரை மறித்துவிட்டது. முதல் வருட இலவசம் எப்போதோ முடிந்திருக்கிறது.

புதிய உரிமம் ஒன்றை விற்பதற்கு அதைவிட நல்ல தருணம் கடைக்காரருக்குக் கிடைக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. "வேணுமெண்டா புதுசு போடலாம், அங்கிளின்ர பாவனைக்கு விண்டோஸோட வாற டிஃபெண்டர் அன்டிவைரஸே காணும்" என்றார். சம்மதித்தோம். விண்டோஸ் செட்டிங்ஸில் போய் அன்டிவைரஸை நீக்கினார். அது போதாது என்று, அதைத் தயாரித்த நிறுவனமே வெளியிட்டிருக்கும் நீக்கும் கருவியையும் இறக்கி ஓட்டினார். சாதாரணமாக நீக்கும்போது சில ட்ரைவர்கள் (விண்டோஸுக்குள் ஆழமாக இயங்கும் துண்டுப் புரோகிராம்கள்) உள்ளே தங்கிவிடுவதும், அவை பிறகும் இணைப்பை மறிப்பதும் உண்டு. மறுபடி தொடக்கியதும் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பை எடுத்துக்கொண்டது. பாதுகாப்புப் பக்கத்தில் பச்சைக் குறிகள் வந்ததைப் பெரியப்பாவுக்குத் தொட்டுக் காட்டிய பிறகுதான் குறோமைத் திறந்தார். வீரகேசரி வந்தது.

நீக்குவதற்கு முன் அவர் காட்டிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்ஜில் வங்கிப் பக்கத்தைத் திறந்து பூட்டுக் குறியை அழுத்தி, சான்றிதழை வழங்கியவர் யார் என்று காட்டினார். அங்கே அந்த அன்டிவைரஸின் பெயர் இருந்தது. வைரஸ் தேடுவதற்காகச் சில அன்டிவைரஸ்கள் மறைகுறியாக்கிய இணைப்பை இடையில் திறந்து பார்த்துவிட்டு, தங்கள் சொந்தச் சான்றிதழால் மூடி அனுப்புகின்றன. அது திருட்டு அல்ல. ஆனாலும் காலாவதியான ஒரு புரோகிராம் பெரியப்பாவுக்கும் வங்கிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பயர்பொக்ஸ் பிரவுசர் சான்றிதழ்களுக்குத் தன்னுடைய பட்டியலை வைத்திருப்பதால், முன்பெல்லாம் இப்படியான வீடுகளில் அது மட்டும் எச்சரிக்கை காட்டி முரண்டு பிடித்ததுண்டு.

நாங்கள் இருந்தபோதே ஒரு பெண் இன்னொரு லப்டொப்புடன் வந்தார். அதில் எந்தப் பிரவுசரும் திறக்கவில்லை. 2022 ஏப்ரலில் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது பலரும் தடையைச் சுற்றிப் போக விபிஎன் போட்டார்களே, அப்போது போட்டதாம். விபிஎன் இணைந்திராவிட்டால் இணையத்தையே துண்டித்துவிடும் ஒரு வசதி அதில் இருக்கிறது. அது இயங்கிய நிலையில் கிடந்திருக்கிறது. அதை நிறுத்தியதும் எல்லாம் திறந்தது. கடை இளைஞர் காசு வாங்காமலே அவரை அனுப்பிவிட்டார்.

எங்களிடம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினார். பற்றுச்சீட்டில் என்ன நீக்கினார் என்பதையும் எழுதித் தந்தார். எல்லா விளக்கத்தையும் அவர் பெரியப்பாவிடம்தான் சொன்னார், வெளிநாட்டிலிருந்து வந்த என்னிடம் அல்ல. லப்டொப்பைத் தினமும் பாவிப்பவர் அவர்தானே. எனக்கு அது மிகவும் பெரிய விடயமாகப் பட்டது.

நீங்களும் வீட்டுப் பெரியவர்களின் கணினியைத் திருத்தப் போவதென்றால், கண்முன்னால் பார்க்கச் சம்மதிக்கும் கடையாகத் தேடுங்கள். ஃபயர்வோலை முழுவதுமாக நிறுத்தி வைத்துவிட்டு "சரி, இப்ப வேலை செய்யுது" என்று தந்தால் வாங்க வேண்டாம். சோதிப்பதற்காக ஒரு நிமிடம் நிறுத்தலாம், பிறகு போட்டே ஆகவேண்டும். விண்டோஸ் 10 இருந்தால் அதையும் கேளுங்கள். மைக்ரோசொஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. பெரியப்பாவின் லப்டொப் 11க்கு மாறக்கூடியதுதான் என்று அந்த இளைஞர் பார்த்துச் சொன்னார், வீட்டில் இரவோடிரவாக இறக்கிவிட்டோம். சார்ஜரையும் மறக்காமல் கொண்டுபோங்கள். கிளம்புவதற்கு முன் அன்றைக்குப் போயா (பௌர்ணமி) விடுமுறையா என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.