விரல் நுனியா, மேற்கை சென்சாரா? சுகரை எதை வைத்துப் பார்ப்பது

காலை வெறும் வயிற்றில் 118, இரவு சாப்பாட்டுக்கு முன் 132. நோட்டில் மாதக்கணக்கில் இப்படியே எழுதிவருபவருக்கு ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) 7.6 என்று வந்தால், முதல் சந்தேகம் மீட்டர் மேல்தான் விழும். பெரும்பாலும் மீட்டரில் கோளாறு இருப்பதில்லை. அவர் குத்திப் பார்க்கிற இரண்டு நேரமும் சர்க்கரை இறங்கி நிற்கிற நேரம். எட்டரைக்கு நாலு இட்லி, ஒரு காபி. ஒன்பதரைக்கு 240 வரை ஏறி, மதியத்துக்குள் வந்த சுவடு தெரியாமல் இறங்கிவிடுகிறது.

இந்த ஏற்றத்தைக் கண்டுபிடிக்க, மேற்கையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சர்க்கரையைப் பார்க்கும் சென்சார்தான் வேண்டும் என்றில்லை. மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து, பிறகு படுக்கப் போகும்போது: நாளுக்கு ஏழு முறை. மூன்று நாளுக்கு 21 ஸ்ட்ரிப். ஒன்று இருபது ரூபாய் என்று வைத்தாலும் 420 ரூபாய். 14 நாள் சென்சார் ஒன்று ஐயாயிரத்தை ஒட்டி வரும். வருடம் முழுக்கப் போட்டால் 26 சென்சார், லட்சத்துக்கு மேல். அதனால் "எது நவீனம்" என்று பார்ப்பதைவிட, "எனக்குத் தெரியவேண்டியதை எது சொல்லும்" என்று பார்ப்பதுதான் சரி.

மீட்டர் அளப்பது ரத்தத்தை. சென்சாரின் மெல்லிய இழை தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே இருக்கும் நீரை அளக்கிறது. ரத்தத்தில் ஏறும் சர்க்கரை அங்கே போய்ச் சேர 5 முதல் 15 நிமிடம் பிடிக்கும். நிமிடத்துக்கு 2 புள்ளி ஏறிக்கொண்டிருந்தால், பத்து நிமிடத் தாமதத்திலேயே இரண்டுக்கும் 20 வித்தியாசம் வந்துவிடும். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால், சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று சென்சார் காட்டும் அம்புக்குறி படுக்கையாக இருக்கும்போது, சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆனபின் ஒப்பிட வேண்டும். அப்போதும் அச்சுப் பிசகாமல் பொருந்தாது. மீட்டருக்கான சர்வதேசத் தரமே 100க்கு மேல் 15 சதவீதம் கூடக் குறையப் போகலாம் என்கிறது. உண்மையில் 200 இருந்தால், 170 காட்டும் மீட்டரும் 230 காட்டும் மீட்டரும் தேறியவைதான்.

சென்சாருக்கென்று இருக்கும் பலம் அந்த அம்புக்குறி. மீட்டரில் 90 என்றால் 90, அவ்வளவுதான். சென்சாரில் 90, அம்பு நேர் கீழே என்றால் நிமிடத்துக்கு 2க்கு மேல் இறங்குகிறது. கால் மணி நேரத்தில் 60க்கு வந்துவிடும். இன்சுலின் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிட்டுவிட்டு வீட்டில் தனியாகத் தூங்கும் முதியவருக்கும் அப்படியே.

சென்சார் தப்பாகக் காட்டும் இடங்களும் உண்டு. அடிக்கடி ஏமாற்றுவது இரவு. சென்சார் இருக்கும் கைப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடம் அழுந்தும், எண் செங்குத்தாக 50களுக்கு விழும். புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். நிஜமான லோ சுகர் ஒன்றும் சாப்பிடாமல் இவ்வளவு சட்டென்று மீளாது. இரவு அலாரம் அடித்தால், உடம்பு நடுங்கி வியர்க்காத பட்சத்தில், விரலில் குத்திப் பார்த்துவிட்டுச் சர்க்கரையைத் தொடுங்கள். நடுக்கம் இருந்தால் காத்திருக்காதீர்கள், உடனே 15 கிராம்: மூன்று டீஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில் கரைத்து. வோக்லிபோஸ் (குடலில் சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்தும் மாத்திரை) சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை வேலை செய்யத் தாமதமாகும், குளுக்கோஸ் பவுடரே வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது மீட்டரில்தான் இருக்க வேண்டும். ரத்தம் தேறியிருக்கும், சென்சார் இன்னும் 62 என்று காட்டும். அதை நம்பி இன்னொரு டம்ளர் குடித்து, ஒரு மணி நேரத்தில் 250 ஆக்கிக்கொள்பவர்கள் நிறைய.

அடுத்தது மாத்திரைகள். லிப்ரே 2 என்ற சென்சார் போட்டிருக்கும்போது ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி போனால் எண் பொய்யாகக் கூடும். கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் சப்பும் மாத்திரை இரண்டு போட்டாலே எல்லையைத் தாண்டியாயிற்று. மெட்ரானிக்கின் கார்டியன் சென்சாரைப் பாராசிட்டமால் கெடுக்கும். டெக்ஸ்காம் ஜி6 சென்சார் பாராசிட்டமாலை ஆறு மணி நேரத்துக்கு ஒரு கிராம் வரை தாங்கும். வாங்கும்போதே அந்தந்த சென்சாரின் தாளில் இந்தப் பகுதியைத் தேடிப் படிப்பது நல்லது.

ஒட்டுவதில் நம் ஊருக்கென்று ஒரு பிரச்சினை எண்ணெய். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் ஒட்டினால், நாலாம் நாள் வேர்வையில் ஓரம் எழும்பிவிடும். மேற்கையின் பின்புறத்தை மாய்ஸ்சரைசர் இல்லாத சோப்பால் கழுவி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் இருக்கும்போது அழுத்தினால் பசை பிடிக்காது. இன்சுலின் குத்தும் இடத்திலிருந்து 2.5 சென்டிமீட்டராவது தள்ளி, மச்சமோ தழும்போ இல்லாத தோலில். அழுத்தியபின் ஓரத்தைச் சுற்றி விரலால் தேய்த்துவிடுங்கள். முதல் 24 மணி நேர எண்ணை வைத்து இன்சுலின் அளவை மாற்றாமல், அன்று மட்டும் மீட்டரைக் கேளுங்கள்.

மீட்டரை ஏமாற்றுவது கைதான். மாம்பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறு 120ஐ 300 ஆக்கும். ஆல்கஹால் பஞ்சால் துடைப்பதும் போதாது; சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவித் துடைத்தால்தான் போகும். விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். ரத்தம் வராவிட்டால் பிதுக்காமல் கையைத் தொங்கவிடுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடாவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றே ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும். பல ஸ்ட்ரிப்புகளுக்கு, டப்பாவைத் திறந்தபின் ஆயுள் மூன்று மாதம்தான். திறந்த தேதியை மூடியில் எழுதிவையுங்கள். ரத்தசோகை கடுமையாக இருந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சியையும் கூட்டிக் காட்டும் என்பதால், அப்படிப்பட்டவருக்கு 14 நாள் சென்சார் போட்டுப் பார்ப்பது உண்மையிலேயே பலன் தரும்.

ஆக, டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை) உள்ளவர், நாளுக்கு மூன்று நான்கு முறை இன்சுலின் போடுகிறவர், லோ வந்தும் அறிகுறி தெரியாதவர்: இவர்கள் பணம் இடம்கொடுக்கும்வரை சென்சார் போடலாம், அதுவும் அலாரம் உள்ளதாக. முதல் தலைமுறை லிப்ரேவில் அலாரம் இல்லை. ஸ்கேன் செய்தால்தான் காட்டும், நினைவில் 8 மணி நேரம்தான் நிற்கும். ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்து ஸ்கேன் செய்தால் முதல் ஒரு மணி நேரம் போய்விடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு ஸ்ட்ரிப் போதும். மருந்து மாற்றும்போதோ ஹெச்பிஏ1சியும் நோட்டும் ஒத்துவராதபோதோ ஒரு சென்சார்.

அப்படி ஒன்று போட்டால் அந்த 14 நாளும் வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடுங்கள். பத்தியம் இருந்தால் போட்ட காசு வீண். பொங்கல், தோசை, மதியச் சாப்பாடு என ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஆப்பில் குறியுங்கள். குறைந்தது 70 சதவீத நேரத்துக்குப் பதிவு இருந்தால்தான் அறிக்கையை நம்பலாம். மருத்துவரிடம் அதில் முதலில் காட்ட வேண்டியது சராசரியை அல்ல. 70க்கும் 180க்கும் நடுவே எத்தனை சதவீத நேரம் இருந்தது, 70க்குக் கீழே எத்தனை சதவீதம் என்பதை. பெரும்பாலானோருக்கு முதலாவது 70க்கு மேலும் இரண்டாவது 4க்குக் கீழும் இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு முதல் இலக்கு 50 சதவீதம்தான், ஆனால் 70க்குக் கீழே போகும் நேரம் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.