உள்ளகப் பயிற்சிக்கு எந்தச் சோடி? திருகோணமலையில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு

மருத்துவப் பீட இறுதிப் பரீட்சை முடிந்து தரவரிசை வந்ததும் தம்பி தங்கச்சிமார் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “அக்கா, மெடிசினா பீடியாவா? சேர்ஜரியா கைனியா?”

ஒரு வருட உள்ளகப் பயிற்சியில் ஆறு மாதம் பொது மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவம், மற்ற ஆறு மாதம் சத்திரசிகிச்சை அல்லது மகப்பேற்று - பெண்நோயியல். இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்பதுதான் பிழை என்று எனக்குப் படுகிறது. எடுக்கப்போவது ஒரு சோடி. நான்கு சோடிகள்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஓட்டையை விட்டுச்செல்கிறது. அந்த ஓட்டை எந்த இரவில், எந்த ஊரில் தெரியவரும் என்று யோசித்துத்தான் தெரிவு செய்யவேண்டும். பின்னாளில் எந்த நிபுணராகப் போகிறோம் என்ற கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். சேர்ஜரி செய்தவர் மனநல மருத்துவராகலாம், பீடியா செய்தவர் கதிரியக்கவியலுக்குப் போகலாம். ஆனால் உள்ளகப் பயிற்சி முடிந்து மருத்துவ சபையின் நிரந்தரப் பதிவு கிடைத்த கையோடு மூதூர், புல்மோட்டை, ஈச்சிலம்பற்றுப் பக்கம் போட்டால், அந்த இரவுக்கு நீங்கள்தான் வைத்தியர்.

முதலில் மெடிசினும் பீடியாவும். எங்கள் மாவட்டத்தில் மெடிசின் வார்ட் என்பது பாம்பும் டெங்குவும் மாரடைப்பும்தான். வயல் காவலுக்கு நிலத்தில் படுத்தவர் விடிய வயிற்றுவலி என்று வருவார். கடித்த அடையாளம் தேடினாலும் கிடைக்காது. இமை லேசாகத் தொங்குவதைக் கண்டுபிடித்தால்தான் எண்ணெய் விரியன் நினைவுக்கு வரும். காணாவிட்டால் கஸ்ரைற்றிஸ் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், சுவாசத் தசைகள் களைத்த பிறகுதான் திரும்பி வருவார். கண்ணாடி விரியன் என்றால் வேறு கதை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆடாமல் வைத்து, ஒருதரம் சரித்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து. அந்த 20 நிமிடம் குழாயைத் தொடாமல் இருக்கும் பொறுமையை வார்டில்தான் பழகலாம். மருந்து ஏறும்போதே ஒவ்வாமை வரலாம் என்று அட்ரினலினை ஆயத்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கமும் அங்கேதான் வரும்.

டெங்குவும் அப்படியே. 2017இல் நாடு முழுக்க 180,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவான வருடம், ஆரம்பத்திலேயே கிண்ணியாதான் பலமாக அடிவாங்கியது. 50 கிலோ எடையுள்ளவருக்கு, இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் 48 மணி நேரத்துக்குமான திரவ ஒதுக்கீடு 4600 மில்லிலீற்றர். சேலைனும் வாயால் குடிப்பதும் எல்லாம் சேர்த்துத்தான். கூடினால் நெஞ்சில் நீர் கட்டும், குறைந்தால் இரத்த அழுத்தம் விழும். மணிக்கு மணி சிறுநீர் அளந்து அந்தக் கணக்கைக் காப்பாற்றிய இரவுகள்தான் எனக்கு மருத்துவம் படிப்பித்தன.

பீடியா கற்றுத்தருவது கை நிதானம். எல்லா மருந்தும் கிலோ கணக்கில், தசமப்புள்ளி ஒன்று தள்ளினால் பத்து மடங்கு. நாளத்துக்குள் மருந்து ஏற்றும் மெல்லிய குழாயான 24 அளவு மஞ்சள் கனுலாவை நான்கு மாதக் குழந்தையின் கையில் ஏற்றத் தெரிந்தவருக்கு வேறு யாருடைய நாளமும் பயம் காட்டாது. காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளையின் கையில் திறப்புக்கோர்வையைத் திணித்தபடி ஓடிவரும் தாயிடம் எப்படிப் பேசுவது என்பதும் ஒரு பாடம். மெடிசின் செய்தவர்கள் பிள்ளைகளைக் கண்டு பதறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் பதறியவள். இருந்தாலும் இந்த மாவட்டத்தில் கதவைத் தட்டுவோரில் பெரியவர்கள்தான் கூட. மெடிசின் பக்கம் என் தராசு சாய்கிறது, ஆனால் கொஞ்சந்தான்.

மற்றப் பாதியில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் செய்தது மெடிசினும் சேர்ஜரியும். சேர்ஜரி எனக்கு உயிர். தையல், முடிச்சு, சலரோகக் காலில் அழுகியதை வெட்டிக் கழுவுவது, நெஞ்சுக்குள் குழாய் போடுவது எல்லாம் ஆசைப்பட்டுப் பழகியவை. அப்புறம் ஒரு பிரதேச வைத்தியசாலைக்குப் போட்டார்கள். முதல் மாதத்திலேயே, ஆட்டோவில் பிள்ளை பெற்ற ஒரு தாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நச்சுக்கொடி விழுந்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை. எனக்கு அந்தப் புத்தகப் பக்கம் முழுக்கத் தெரியும். 500 மில்லிலீற்றருக்கு மேல் போனால் என்ன பெயர், என்ன காரணங்கள், என்ன வரிசை, எல்லாம். கை மட்டும் அசையவில்லை.

மிட்வைஃப் அக்கா என் கையைப் பிடித்து அந்தத் தாயின் தொப்புளுக்குக் கீழே வைத்தார். “டொக்டர், இங்க அமத்திப் பிடிச்சு உருட்டுங்கோ, விடாதீங்கோ.” பிசைந்த மா போலத் தொளதொளவென்று இருந்த கருப்பை, ஒக்ஸிற்றோசினும் ஏறிய பிறகு, கைக்குள்ளேயே குரும்பை போல இறுகியது. அம்புலன்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை நான் கையை எடுக்கவில்லை. அந்தத் தாய் பிழைத்தார், அக்காவால்.

சேர்ஜரியில் நான் பழகியதில் பெரும்பகுதிக்கு நேரம் இருந்தது. குடல்வால் அழற்சி என்று சந்தேகித்தால் சேலைன் போட்டு, வலி குறைத்து, நகரத்துக்கு அனுப்பலாம். வெட்டுக்காயத்தை அழுத்திக் கட்டலாம். விபத்தில் அடிபட்டவருக்கு நேரம் இல்லைதான், ஆனால் அங்கேயும் முதலில் செய்யும் மூச்சுவழி, கனுலா, சேலைன் எல்லாம் மெடிசினிலும் கைவந்துவிடும். பேற்றுக்குப் பிந்திய குருதிப்பெருக்கும், வலிப்போடு வரும் கர்ப்பிணியும் அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கமாட்டார்கள். நம் நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில்தான், அதிலும் நிபுணர்கள் உள்ள பெரிய இடங்களில்தான். அதனால் சிறிய வைத்தியசாலையில் வேலை செய்யும்போது பிரசவத்தைப் பழகிக்கொள்ள வாய்ப்பில்லை. வருவது ஒன்று இரண்டு, அதுவும் எதிர்பாராமல். முதலே பழகியிருந்தால்தான் உண்டு.

இன்னொன்று. லேபர் ரூமில் ஆறு மாதம் நின்றால், மூச்செடுக்காத சிசுவின் முதல் நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். துடைப்பது, சூடாக்குவது, தலையைச் சரியாக வைப்பது, பையால் காற்றுக் கொடுப்பது. பீடியாவை விட்டதால் வரும் ஓட்டையில் ஒரு பகுதி இப்படி அடைபடுகிறது. ஆகவே என் தெரிவு மெடிசினும் கைனியும். அடுத்தது பீடியாவும் கைனியும். இந்தப் பக்கம் வேலை செய்வதென்றால் பீடியாவும் சேர்ஜரியும் கடைசி. பாம்புக்கடியும் பிரசவமும் இரண்டுமே கைவிட்டுப் போகும்.

சத்திரசிகிச்சை நிபுணராவதுதான் கனவு என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் சேர்ஜரியையே எடுங்கள், அந்த ஆசையை நான் மறிக்கமாட்டேன். ஆனால் முதல் நியமனத்துக்கு முன் ஒரு வாரமாவது லேபர் ரூமில் போய் நிற்கக் கேளுங்கள்.

இடம் பற்றியும் கேட்கிறார்கள். கொழும்பின் பெரிய போதனா வைத்தியசாலையில் அரிய நோய்களைக் காணலாம், படிப்புச் சூழலும் நல்லது. ஆனால் உங்களுக்கும் வார்டுக்குப் பொறுப்பான நிபுணரான கொன்சல்டனுக்கும் நடுவில், நிபுணராகப் பயிலும் ரெஜிஸ்ட்ராரும் சீனியர் ரெஜிஸ்ட்ராரும் இருப்பார்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற இடத்தில் அந்தப் படிகள் குறைவு, கொன்சல்டன் நேரே உங்களைத்தான் கேட்பார். அதோடு ஒரே வார்டில் தமிழும் சிங்களமும் கேட்கும். சேருநுவரையிலிருந்து வந்த அம்மா நெஞ்சு எரிவதையும் நெஞ்சு இறுக்குவதையும் சிங்களத்தில் எப்படிச் சொல்லுவார் என்று தெரியாமல் ஈசிஜியை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கமுடியாது. எனக்கு அதை ஒரு சிங்கள நர்ஸ் மிஸ் இரவுக் கடமையில், ஒரு பழைய பெட்ஹெட் டிக்கட்டின் (நோயாளியின் வார்டுக் குறிப்புத் தாளின்) பின்பக்கத்தில் எழுதிப் படிப்பித்தார். அந்தத் தாள் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.