பழைய கணினியில் 4 டிபி ஹார்ட் டிஸ்க்: இடம் கிடைத்தது, உறுமி அடிதான் காணோம்

விலை இறங்கியதிலிருந்து ஆளாளுக்கு என்னிடம் இதே கேள்விதான்: “அண்ணே, பழைய டெஸ்க்டாப்பில் 4 டிபி போட்டிருக்கீங்களே, எப்படி ஓடுது?” ஓடுகிறது. சில தீபாவளி கடந்தும் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. ஆனால் இந்த வாரம் கேட்டவர்களுக்கு என் பதில் கொஞ்சம் காரமாகத்தான் வந்திருக்கும்.

அந்தக் கணினியை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009-இல் சேர்த்த பெட்டி. கோர் 2 குவாட் ப்ராசசர், விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதற்குக் கைகழுவிவிட்டதால் இன்டர்நெட் பக்கமே விடுவதில்லை. ஆனால் அதில் ஃபயர்வயர் இருக்கிறது. மினி டிவி என்ற சின்ன டிஜிட்டல் கேசட்டை கேம்கோடரில் ஓட்டி, படத்தைத் தரம் குறையாமல் கணினிக்குள் இறக்க அந்த வயர்தான் வேண்டும். புதிய கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தை சுற்றுவட்டாரத்தில் நான் எடுத்த கோயில் திருவிழா, கல்யாணம், தோட்டத்துப் பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் அந்தக் கேசட்டுகளில்தான் கிடக்கின்றன. மேரி தோட்டம், நைகல் கார்ட்னர் தோட்டம் என்று லேபிள் ஒட்டியவை பல. தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், இருந்தவர்கள் ஆளுக்கொரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) போய்விட்டார்கள். இப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, “அங்கிள், எங்க தோட்டத்துத் தீமிதி இருக்கா?” என்று கேட்கிறார்கள்.

ஒரு மணி நேர கேசட் ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். பழைய 500 ஜிபி டிஸ்கில் நாற்பது கேசட் போடுவதற்குள் மூச்சு முட்டிவிடும். 4 டிபி என்றால் 300 மணி நேரம் தாராளம். நாட்டிலேயே முதன்முதலில் வணிகத்துக்காகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தென்னமரம் தோட்டம், 1917-இல் தொடங்கியது, எங்கள் ஊர்ப் பக்கம்தான். அந்தப் பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் கணினி சாமான் என்றால் கோலாலம்பூருக்குத்தான் வண்டி ஏற வேண்டும். அங்கே ஒரு கடையில் வாங்கினேன்.

பொருத்துவதில் பெரிய வேலை இல்லை. பழைய போர்டில் டிஸ்கை மாட்டும் இணைப்பு சாட்டா 2 வகை. ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு அது போதும், புதிய டிஸ்கும் அதில் ஒழுங்காகவே வேலை செய்யும். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் பழையது, 2 டிபிக்கு மேல் பூட் ஆகாது என்று பயமுறுத்துவார்கள். விண்டோஸ் பழைய டிஸ்கிலேயே இருக்கட்டும், புதியதை வெறும் சேமிப்புக்கு வைத்து, 2 டிபிக்கு மேலும் பிரிக்கக்கூடிய ஜிபிடி என்ற முறையில் பிரித்தால் அந்தச் சிக்கலே வராது. முதலில் 1678 ஜிபி என்று மட்டும் காட்டியது. 2 டிபிக்குள் அடங்காத மிச்சத்தை மட்டும் எண்ணிக் காட்டியது பழைய சேமிப்பு டிரைவர், அதாவது விண்டோஸில் டிஸ்கை இயக்கும் மென்பொருள். டிரைவரைப் புதுப்பித்ததும் 3.63 டிபி வந்தது. மிச்சம் எங்கே என்று கேட்க வேண்டாம். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணும், விண்டோஸ் 1024 ஆக எண்ணும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

போன வாரம் அக்கா மகன் உதவிக்கு வந்தான். நான் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு கேசட்டை நேரே புது டிஸ்கிலேயே இறக்கியிருக்கிறான். அதற்குச் சற்று முன்புதான் அதே டிஸ்கில் பல நூறு ஜிபி காப்பி ஆகி முடிந்திருந்தது. போட்டுப் பார்த்தால் காவடி ஊர்வலம் வருகிறது, உறுமி மேளம் முழங்குகிறது, திடீரென்று ஒரு அடி காணோம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. காவடி எடுத்தவர் இங்கே நின்றவர் அங்கே நிற்கிறார். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓட வேண்டிய இடத்தில் கொத்துக் கொத்தாக விட்டுப்போயிருந்தது.

இந்த டிஸ்க் நல்ல மூடில் இருந்தால் விநாடிக்கு 180 எம்பி எழுதும், நானே பார்த்திருக்கிறேன். கேசட் கேட்பது விநாடிக்கு 3.6 எம்பி. அதைக் கொடுக்க முடியவில்லை இதனால்!

காரணம் எஸ்எம்ஆர் என்ற தொழில்நுட்பம். எழுதும் முனை அகலம், படிக்கும் முனை குறுகல். அதனால் தடங்களைக் கூரை ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி எழுதினால் அதே தட்டில் கூடுதலாக அடைக்கலாம். படிக்கும்போது தொல்லையே இல்லை. ஏற்கெனவே எழுதியதில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால்தான் பக்கத்துத் தடமும் கெட்டுப்போகும், ஆகவே அந்தத் தொகுதி முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். இதை மறைக்க டிஸ்கிலேயே ஒரு தனி இடம் ஒதுக்கி, வருவதையெல்லாம் முதலில் அங்கே போட்டுக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்தில் உரிய இடத்துக்கு மாற்றும். சின்னச் சின்ன வேலைக்கு ஒன்றும் தெரியாது. அந்த இடம் நிரம்பிவிட்டால் வேகம் 180-லிருந்து 20, 30-க்கு விழும், நடுவில் சில விநாடி பதிலே வராது. மற்ற வேலை என்றால் காத்திருக்கலாம். ஓடுகிற டேப் காத்திருக்குமா? ஃபிரேம் கீழே விழும், ஒலியும் கூடவே போகும்.

திரும்ப ஓட்டினால் ஆயிற்று என்று சொல்பவர்கள் நம் ஊர் ஈரக்காற்றில் கிடந்த கேசட்டைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். பூஞ்சணம் பிடித்த டேப் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கேமராவின் ஹெட்டை அடைக்கும். நல்லபடியாக ஒரு தடவை ஓடினாலே சாமி புண்ணியம்.

எனக்கு எரிச்சல் தொழில்நுட்பத்தின் மேல் இல்லை. மலிவாக நிறைய இடம் வேண்டுமென்றால் எங்கேயாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் டிஸ்க் வந்த பெட்டியில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எஸ்எம்ஆரா, தடங்களை ஏற்றாமல் தனித்தனியாக எழுதும் சிஎம்ஆரா என்று கடையில் கேட்டதற்கு, “சாமா சாஜா, போஸ்” (எல்லாம் ஒன்றுதான்) என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் கடைக்காரர். 2020-இல் சர்வர் பெட்டிகளுக்கென்று விற்ற டிஸ்குகளிலும் இதைச் சொல்லாமல் புகுத்தியது தெரிந்து பெரிய கூச்சல் எழுந்த பிறகுதான் தயாரிப்பாளர்கள் மாடல் வாரியாகப் பட்டியல் வெளியிட்டார்கள். பட்டியல் இருப்பது நல்லதுதான். அது கடை மேசையில் இருந்தால் இன்னும் நல்லது.

இதுவரை திட்டியாகிவிட்டது, நியாயத்தையும் சொல்ல வேண்டும். மின்விசிறி மட்டும் உள்ள அறையில், மதிய வெயிலிலும் இந்த டிஸ்க் சூடேறுவதில்லை. சத்தம் கிடையாது, பழைய டிஸ்க் கறகறவென்று அரைப்பதைக் கேட்டவனுக்கு அதன் அருமை தெரியும். இடிமழையில் பலமுறை கரண்ட் ட்ரிப் ஆகியிருக்கிறது, யுபிஎஸ் தாங்கிப் பிடித்ததோ டிஸ்க் தாங்கியதோ, ஒரு கோப்பும் கெடவில்லை. யாராவது வந்து தோட்டத்துப் பெயரைச் சொன்னால் உடனே எடுத்துப் போட்டுவிடலாம், தள்ளித் தள்ளிப் பார்த்தாலும் திக்காது. ஒரு பாட்டி தன் வீட்டுக்காரரை கரகத்துக்கு முன்னால் கண்டுபிடித்து, “நிப்பாட்டுயா, நிப்பாட்டு” என்றார். சொன்ன இடத்தில் நின்றது.

இப்போது கேசட்டைப் பழைய 500 ஜிபியில்தான் இறக்குகிறேன். ராத்திரி படுக்கப் போகுமுன் புது டிஸ்குக்குக் காப்பி போட்டுவிட்டால் விடிவதற்குள் அது தன் அடுக்கும் வேலையை முடித்துக்கொள்ளும். அக்கா மகனுக்காக மானிட்டர் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளும் ஒட்டியாகிவிட்டது.

ஆகவே, வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். வீடியோ இறக்குபவன் இதைத் தொடவே கூடாது. மாடல் எண்ணைத் தயாரிப்பாளர் பட்டியலில் பார்த்து, சிஎம்ஆர் என்று போட்டிருப்பதை, விலை கூடினாலும், வாங்குங்கள். பேக்கப் எடுத்து அலமாரியில் வைக்க மட்டும் என்றால் இதே போதும். நானும் தள்ளுபடியில் இன்னொன்று வாங்கிவிட்டேன், அதே மாடல்தான். பெட்டி இன்னும் பிரிக்கவில்லை.