எந்தப் பாதையில் இறங்கப் போகிறீர்கள்? பினாங்கின் மலையோட்டப் பாதைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பினாங்கில் காட்டுப்பாதை ஓட்டத்தைத் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தப் பாதையில் ஏற்றம் குறைவு?" என்பதுதான். கொடிமலை எனப்படும் பினாங்கு மலைக்கும், தேசியப் பூங்கா இருக்கும் தெலுக் பஹாங்குக்கும் ஒன்பது ஆண்டுகளாக வாரந்தோறும் சென்று வரும் நான், அதற்கு முன்பாக வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: எந்தப் பாதையில், எப்படி இறங்கப் போகிறீர்கள்? ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், நடக்கலாம், பாதி வழியில் திரும்பியும் விடலாம். இறங்கும்போது அந்தச் சலுகைகள் எதுவும் கிடைப்பதில்லை. களைத்த கால்களோடு, வியர்வை கண்ணில் வழிய, ஒவ்வொரு அடியையும் சரியான இடத்தில் வைத்தே தீரவேண்டும்.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. ஏற்றத்தில் தொடைத்தசை சுருங்கிச் சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்த இரண்டாவது வகை வேலையில்தான் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் மிகுதியாக ஏற்படுகின்றன; அதனால்தான் ஓடிய அன்று ஒன்றும் தெரியாமல், ஒன்றிரண்டு நாள் கழித்து அடுக்குமாடி வீட்டின் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டாக இறங்க வேண்டியிருக்கிறது. ஆயினும், ஒருமுறை அளவோடு இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த வலியோடு தாங்கிக்கொள்கிறது. ஆகவே எந்தப் பாதையில் இறங்கிப் பழகுகிறோம் என்பதே, எந்த வகை ஓட்டக்காரராக நாம் வளர்கிறோம் என்பதையும் முடிவு செய்கிறது.

பினாங்கு மலையும் அதைச் சூழ்ந்த காடுகளும் 2021 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. தாசிக் சினி, குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றுக்குப் பிறகு மலேசியாவுக்குக் கிடைத்த மூன்றாவது காப்பகம் இது. பரப்பளவு 12,481 ஹெக்டேர். நம்மவர்கள் கொடிமலை என்று அழைக்கும் மலையும், தீவின் வடமேற்கு மூலையில் உள்ள தேசியப் பூங்காவும் இந்த ஒரே எல்லைக்குள்தான் அடங்குகின்றன. ஆனால் காலுக்குக் கீழே உள்ள தரை இரண்டு இடங்களிலும் வெவ்வேறானது.

முதலில், தாவரவியல் பூங்கா வாயிலுக்கு அருகிலிருந்து புறப்படும் தார்ச்சாலையை எடுத்துக்கொள்வோம். ஜீப் டிராக் என்று எல்லாரும் அழைக்கும் இந்தச் சாலை, ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் மலையுச்சிக் குடியிருப்புப் பகுதியை அடைந்துவிடுகிறது. மலையுச்சியில் கொடிக்கம்பம் நின்ற குன்றின் உயரம் 735 மீட்டர் என்பதால், சராசரியாக ஒவ்வொரு நூறு மீட்டர் தூரத்துக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர் ஏறுகிறோம் என்று கொள்ளலாம். சில வளைவுகளில் அதைவிடவும் செங்குத்து. வழி தவறவே முடியாது, இருட்டிலும் தடம் தெரியும், விடியுமுன்பே ஆள் நடமாட்டம் இருக்கும். ஏற்றத்துக்கான நுரையீரல் வலிமையையும் கெண்டைக்கால் வலிமையையும் வளர்த்துக்கொள்ள இதைவிடச் சிறந்த பாதை தீவில் இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் இறங்குவதற்கு நான் இதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இறுகிய தரையில், அந்தச் சாய்வில், ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேராக முட்டிக்கு ஏறுகிறது. 5 கிலோமீட்டரும் ஒரே மாதிரியான அடி, ஒரே மாதிரியான அடி, வேறு எந்த மாற்றமும் கிடையாது. அதோடு, நிழல் அடர்ந்த பகுதிகளில் சாலையின் ஓரங்களில் பாசி படிந்திருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் மழை விட்ட ஒரு காலையில், மலைவாசிகளின் வண்டி ஒன்றுக்கு வழிவிட ஓரம் ஒதுங்கிய நான், அந்தக் கரும்பச்சைப் படலத்தின்மேல் கால் வைத்து, கை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு குணமாக ஆறு வாரம் பிடித்தது. தவறு என்னுடையதுதான், வண்டி வரும்போது நின்று ஒதுங்கியிருக்க வேண்டும், ஓடிக்கொண்டே ஒதுங்கியிருக்கக் கூடாது. இந்தச் சாலையில் ஏறியவர்களுக்கு என் ஆலோசனை, 1923 முதல் ஓடிக்கொண்டிருக்கும் மலை இரயிலில் இறங்கிவிடுங்கள் என்பதே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலே அருளொளி திருமுருகன் கோயிலுக்குச் சென்று, வெளியே சற்று உட்கார்ந்து, நனைந்த பனியனை மாற்றிக்கொண்டு இரயிலேறினால் மலையடிவாரத்தில் உள்ள ஆயர் ஈத்தாமில் இறங்கலாம். காலணியைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் கால் வைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் சில ஞாயிற்றுக்கிழமைகளில் தார்ச்சாலையைத் தேர்ந்தெடுப்பதுண்டு.

அதே மலைக்கு, அதே பக்கத்திலிருந்து ஏறும் இன்னொரு பாதை இருக்கிறது. தாவரவியல் பூங்கா வாயிலுக்குச் சில நூறு மீட்டர் முன்பாக, தண்ணீர்மலைக் கோயிலைக் கடந்ததும், சாலையோரத்தில் வட்ட வடிவில் ஒரு பழைய வாசல் நிற்கிறது. அதை மூன்கேட் என்பார்கள். அதற்குள் நுழைந்தால் மண்ணும் வேரும் கல்லும் மரப்படியுமாகக் காட்டுக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதை, நடப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், 84 என்ற பெயரால் அறியப்படும் இளைப்பாறும் இடத்தில் தார்ச்சாலையோடு சேர்கிறது. தன்னார்வலர்கள் பேணிவரும் அந்த இடத்தில் சூடான தேநீர் அருந்தியபடி பல மொழிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

இந்தப் பாதையில் இறங்குவதுதான் உண்மையான பயிற்சி. ஒரே நூறு மீட்டருக்குள் உயரமான படி, சரளை, குறுக்கே ஓடும் வேர், இலைச்சருகு மூடிய பள்ளம் என்று தரை நான்கு முறை மாறுவதால், காலடியின் நீளமும் கோணமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. சுமை ஒரே தசையின்மேல் விழாமல் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. கண்ணும் கணுக்காலும் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொள்கின்றன. எனக்கு இங்கே இறங்கக் கற்றுத் தந்தவர், செபராங் பிறைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால் மரம் (இரப்பர்) சீவிய ஒரு பெரியவர். நான் குதிகாலை ஊன்றி, உடலைப் பின்னால் சாய்த்து, பயந்து பயந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, சாயாதே. முட்டியை மடக்கு. சின்னச் சின்ன அடியா எடுத்து வை, வேர்மேல மட்டும் மிதிக்காதே" என்றார். அவர் சொன்ன நான்கும் இன்றுவரை எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன. பின்னால் சாய்ந்தால் குதிகால் வழுக்குகிறது. முட்டியை மடக்கிக் குறுகிய அடிகளாக வைத்தால் உடலின் எடை பாதத்துக்கு நேர்மேலே நிற்கிறது. ஈரமான வேரோ எண்ணெய் பூசிய கம்பியைப் போன்றது.

அவர் காலில் இருந்தது அடிடாஸ் கம்போங் என்று நாடெங்கும் வேடிக்கையாக அழைக்கப்படும் கறுப்பு இரப்பர் சப்பாத்து. பால் மரம் சீவுவோரின் காலணியாக நம் தாத்தா பாட்டிமார் அறிந்த அதே பொருள்தான். அடிப்பாகத்தில் பற்கள் உள்ள அந்த மெல்லிய இரப்பர், ஈரமண்ணையும் சருகையும் நன்றாகப் பற்றுகிறது. தண்ணீரை உறிஞ்சிக் கனப்பதுமில்லை. நானூறு, ஐந்நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கும் காட்டுப்பாதைக் காலணி ஒன்றும் இல்லாமலேயே மூன்கேட் பாதையில் தொடங்கலாம் என்பதை நான் உறுதியாகவே சொல்வேன். ஆனால் அதே சப்பாத்தோடு தார்ச்சாலையில் இறங்கினால், அதிர்ச்சியைத் தாங்க மெத்தை எதுவும் இல்லாததால், முட்டி இரண்டே வாரத்தில் முறையிடத் தொடங்கிவிடும். காலணியையும் பாதையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாமில், இரயில் தடத்தை ஒட்டி ஏறும் படிக்கட்டுப் பாதையைச் சிலர் புகழ்வார்கள். ஏறுவதற்கு அது நல்ல நடை, ஓட்டத்துக்கு உகந்ததன்று. 1962இல் திறக்கப்பட்ட ஆயர் ஈத்தாம் அணைக்கட்டைச் சுற்றி ஓடுவதும் இனிமையானதே, குடும்பத்தோடு செல்வோருக்கு ஏற்றது. ஆனால் இறங்கப் பழகுவதற்கு அங்கே இறக்கமே போதாது.

இப்போது தெலுக் பஹாங்குக்கு வருவோம். பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்த பகுதி 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கொடிமலையில் உயரமே சவால் என்றால், இங்கே ஈரப்பதமும் வெப்பமும் சவால். மலையுச்சியில் கீழே இருப்பதைவிட நான்கைந்து டிகிரி குளிர்ச்சி கிடைக்கும். கடலோரக் காட்டில் அந்தக் கருணை இல்லை. நுழைவாயிலிலிருந்து சிறிது தூரம் சென்றதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தீவின் முதுகைக் கடந்து கெராச்சூட் கடற்கரைக்கு இறங்குகிறது. மற்றொன்று கரையோரமாகவே தெலுக் டுயோங் சென்று, அங்கிருந்து முக்கா முனையின் கலங்கரை விளக்கத்துக்கு ஏறுகிறது.

இவ்விரண்டில் ஓட்டத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது கெராச்சூட் பாதையைத்தான். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரம்தான் என்றாலும், ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் தெளிவாகப் பிரிந்திருப்பதால் பயிற்சிக்கு மிகவும் வசதியானது. திரும்பி வரும்போது அதே கணக்கு தலைகீழாகும். முகட்டில் செராயா மரங்களின் சாம்பல் பூத்த உச்சிகள் வெளிச்சத்தை வடிகட்டி அனுப்ப, கீழே பெர்த்தாம் பனையின் முள்மட்டைகள் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். விழும்போது எதையாவது பற்றிக்கொள்ள நினைத்தால் அந்த முள்மட்டைகளைப் பற்றாதீர்கள். கடற்கரையை அடையும் இடத்தில், மேலே ஓடைகளின் நன்னீரும் கீழே கடலின் உப்புநீரும் கலக்காமல் இரண்டு அடுக்குகளாகத் தங்கும் அரிய ஏரி இருக்கிறது. அது எப்போதும் நிறைந்திருக்காது. சில மாதங்களில் வற்றிய மணற்பரப்பாகவும் காட்சி தரும். பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கரை என்பதால் மணலில் ஓடாமல் இருப்பதே முறை.

கலங்கரை விளக்கப் பாதையின் நிலை வேறு. 1883இல் கட்டப்பட்ட அந்த விளக்கம் கடல்மட்டத்துக்கு 242 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. எண்ணைப் பார்த்தால் கொடிமலையின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அந்த உயரம் முழுவதையும் கடைசி ஒரு கிலோமீட்டர் அளவு தூரத்துக்குள்ளேயே ஏறவேண்டும், பின்பு அதே செங்குத்தில் இறங்கவேண்டும். கரையோரப் பகுதியிலோ பாறைகளையும் விழுந்த மரங்களையும் தாண்டிச் செல்வதால் ஓட்டத்தின் தாளம் அடிக்கடி அறுபடுகிறது. காட்சி அழகுக்காக ஒருமுறை கட்டாயம் செல்லலாம். வாரந்தோறும் செல்லும் பாதையாக நான் இதைக் கொள்ளவில்லை.

தேசியப் பூங்காவின் பெரிய குறை, நுழைவாயிலில் பெயரைப் பதிவு செய்த பிறகே உள்ளே செல்ல முடியும் என்பது. அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், வெயில் ஏறுமுன் ஓடி முடிக்கும் வாய்ப்பு நழுவிவிடுகிறது. ஆயினும் அந்தப் பதிவேட்டை நான் தொல்லையாகக் கருதுவதில்லை. ஒருவர் மாலைக்குள் திரும்பவில்லை என்றால் அதை அறிய ஓர் ஏடு இருக்கிறது. மூன்கேட்டில் அப்படி எதுவும் இல்லை. அங்கே போகும்போது எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்கப்போகிறேன் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போவது என் வழக்கம். கெராச்சூட்டில் கால் பிசகினால் படகில் தெலுக் பஹாங் திரும்பலாம் என்ற வசதியும் உண்டு. கடல் கொந்தளிக்கும் நாட்களில் மட்டும் அதை நம்ப இயலாது.

மழை எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். 2017 நவம்பர் பெருமழையில் கொடிமலையின் பல சரிவுகள் சரிந்து சாலையும் சேதமடைந்ததைத் தீவு மறக்கவில்லை. முந்தின இரவு கனமழை பெய்திருந்தால் மூன்கேட்டையும் கெராச்சூட்டையும் தவிர்த்துவிட்டு, தார்ச்சாலையில் நடுப்பகுதியைப் பிடித்து ஏறி இரயிலில் இறங்குகிறேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தால் மலைப்பக்கமே போவதில்லை. தைப்பூச நாட்களில் தண்ணீர்மலைச் சாலை முழுவதும் பக்தர்களுக்கே உரியது என்பதால் அப்போதும் ஓட்டத்துக்கு தெலுக் பஹாங்தான்.

முதன்முறை செல்பவருக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது: மழையில்லாத ஒரு சனிக்கிழமை, நன்றாக வெளிச்சம் வந்தபின் ஏழரை மணியளவில் மூன்கேட்டில் தொடங்கி, ஏற்றம் முழுவதையும் நடந்தே ஏறி, 84இல் தேநீர் அருந்துங்கள். உச்சிக்குப் போகவேண்டாம். அதே பாதையில் திரும்பி, முட்டியை மடக்கி, குறுகிய அடிகளாக ஓடி இறங்குங்கள். செவ்வாய்க்கிழமை வரை தொடை வலிக்கும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போங்கள்.