குள்ளக் கடற்குதிரைக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?

குள்ளக் கடற்குதிரையை முதன்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். முழுதாக வளர்ந்த மீனே இரண்டரை சென்டிமீட்டர்தான். மேசை மேல் வைக்கிற நான்கு லிட்டர் கிண்ணம் இதற்குத் தாராளம் அல்லவா? அமெரிக்காவில் இந்தக் கணக்கு பழையது. 1960களில் அங்கே சித்திரக்கதை இதழ்களில் உயிருள்ள கடற்குதிரைகளை அஞ்சலில் அனுப்பிவைப்பதாக விளம்பரங்கள் வந்தன. பொட்டலத்தைப் பிரித்த சிறுவர்களின் கையில் இருந்தது ஒரு கண்ணாடிக் கிண்ணமும் கொஞ்சம் உப்பும்தான். அந்த மீன்களில் பல என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மறுபக்கம், கடல்மீன் என்றாலே நூறு லிட்டருக்குக் குறைந்து பேசக்கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய கடற்குதிரைகளுக்கு அது நல்ல அறிவுரை. இந்தச் சிறிய மீனுக்கு அதை அப்படியே பொருத்தினால் அது பட்டினி கிடக்கும். காரணம் அதன் வாயில் இருக்கிறது.

ஹிப்போகாம்பஸ் சாஸ்டரே என்று 1882இல் ஜோர்டன், கில்பர்ட் என்ற மீனியலாளர்கள் பெயரிட்ட இனம் இது. ஃபுளோரிடா, மெக்சிகோ வளைகுடா, பஹாமாஸ் பகுதிகளில் ஆழமில்லாத கடற்புல் படுகைகளே இதன் வீடு. மீன்களிலேயே மிக மெதுவாக நீந்துவது என்று பெயர் வாங்கியது. இரையைத் துரத்திப் பிடிக்க இதனால் முடியாது. புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு, மிதந்து வரும் கோப்பிபாடுகள் என்னும் நுண்ணிய ஓட்டுயிரிகள் முகத்தருகே வரும்வரை அசையாமல் காத்திருக்கும். வந்ததும் ஒரு மில்லி வினாடிக்குள் உறிஞ்சிவிடும். தலையின் வடிவம் நீரைக் கலக்காமல் இரையை நெருங்க உதவுகிறது என்பதையும், அசைவற்ற நீரில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது தாக்குதல்கள் வெற்றி பெறுகின்றன என்பதையும் 2013இல் வெளியான டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அந்த வெற்றியெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான். இதற்கு இரைப்பையும் கிடையாது. உண்டது உடனே கடந்துபோய்விடும் என்பதால் நாள் முழுவதும் வாயருகே இரை வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வீட்டில் கொடுக்கும் இரை, அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் குஞ்சுகள். இப்போது கணக்கைப் போடுவோம். ஒரு வேளைக்கு இருபதாயிரம் குஞ்சுகளை விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு லிட்டரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஐந்து குஞ்சுகள் இருக்கும். இருபது லிட்டரில் ஒன்று. நூறு லிட்டரில் ஐந்து மில்லிலிட்டருக்கு ஒன்று. பெரிய தொட்டியில் மூலையில் ஒட்டியிருக்கும் மீனுக்கு இரை கண்ணில் படுவதே அரிது. அதை ஈடுகட்ட ஐந்து மடங்கு இரையைக் கொட்டினால், தின்னாமல் போனதெல்லாம் செத்து நீரைக் கெடுக்கும். நூறு லிட்டரை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவது இதனால்தான்.

அப்படியானால் கிண்ணம்தான் வென்றதா? இரை அடர்த்தி ஒன்றை மட்டும் பார்த்தால் ஆம். ஆனால் அந்த அடர்த்தியைத் தரும் குறைந்த நீரே மீனுக்கு எமனும். நான்கு லிட்டரில் ஒரு நாளில் 200 மில்லிலிட்டர் ஆவியாகிறது என்றால், ஆயிரத்துக்கு 35 என்று இருந்த உப்பு மறுநாள் ஏறத்தாழ 37ஐத் தொடும். இருபது லிட்டரில் 300 மில்லிலிட்டர் ஆவியானாலும் 35.5தான். வெப்பமும் இப்படியே. கிண்ணத்தில் அறை சூடாகும்போது நீரும் சூடாகும். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் சற்றுப் பிசகினாலும் அத்தனை நீரும் ஒரு மணி நேரத்தில் எல்லை தாண்டிவிடும். இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது அம்மோனியாவுக்கு. நாளுக்கு இருமுறை உயிர் இரை கொட்டப்படும் நீர் அது. இரவில் செத்த குஞ்சுகள் விடிவதற்குள் அழுகும்.

கடலோர உப்பங்கழியில் உப்பும் வெப்பமும் மாறத்தானே செய்கின்றன, இந்த மீன் தாங்கும் என்று வாதிடுவார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் அங்கே மாற்றம் ஓதத்தோடும் மழையோடும் வருகிறது. அழுக்கு அங்கேயே தேங்குவதில்லை. கிண்ணத்தில் உப்பு ஏறுகிற அதே நேரத்தில் அம்மோனியாவும் ஏறும். பகலில் சூடும் சேர்ந்துகொள்ளும். இந்த மூன்றையும் ஒன்றாகத் தாங்குவது வேறு சோதனை.

கிண்ணத்தில் அழகுக்காகக் கௌலெர்பா பாசியை நடுகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அது சில வேளைகளில் ஒரே இரவில் இனப்பெருக்க அணுக்களை நீரில் கொட்டிவிட்டு வெளுத்துச் செத்துப்போகும். பெரிய நீர்நிலையில் அது கலங்கல். நான்கு லிட்டரில் மூச்சுத் திணறல்.

எனவே உண்மையான போட்டி இருபது லிட்டருக்கும் நாற்பது லிட்டருக்கும் இடையில்தான். நாற்பதில் நீர் நிதானமாக இருக்கும், வார இறுதியில் வெளியூர் போனாலும் உப்பு ஓடிவிடாது. ஆனால் இரை பாதியாக மெலியும். பொரிப்பு ஜாடி ஒன்றுக்கு இரண்டு வேண்டும். ஒரு விளக்கை ஓரமாக வைத்து இதைச் சற்றுச் சமாளிக்கலாம். ஆர்ட்டீமியா குஞ்சுகள் ஒளியை நோக்கிக் கூடுகிறவை; அந்த மூலையில் கடற்புல் போன்ற பற்றுகோல்களை நட்டுவிட்டால் மீன்களும் அங்கே வந்து சேரும். முப்பது நாற்பது மீன்கள் வைத்திருப்பவருக்கு நாற்பது லிட்டர் நியாயமானது.

பத்துப் பன்னிரண்டு மீன்களோடு தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இருபது. காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, குமிழிகளை எண்ணிவிடக்கூடிய வேகத்தில். மோட்டார் ஃபில்டர் வேண்டாம். அது கடற்குதிரைக் குஞ்சுகளையும் இரையையும் சேர்த்து உறிஞ்சிவிடும். ஹைட்ராய்டு என்னும், பவளத்துக்கு உறவான, கொட்டும் சிற்றுயிருக்காகவும் இந்த அளவை விரும்புகிறேன். இரை மிகுந்த தொட்டி எதுவானாலும் அது வந்துசேரும். வெறும் கண்ணில் படுவதற்கு முன்பே கண்ணாடியெங்கும் பரவி, கடற்குதிரைக் குஞ்சுகளைக் கொட்டிக் கொல்லும். அதை ஒழிக்கும் ஃபென்பெண்டசோல் மருந்து பாறைகளில் ஊறித் தங்கிவிடும்; பின்னால் விடும் நத்தைகளுக்கும் அது கேடு. பாறையில்லாத இருபது லிட்டர் தொட்டி என்றால், மீன்களை வாளிக்கு மாற்றி, காலி செய்து, தேய்த்துக் கழுவி ஒரே மாலையில் மறுபடி நிறுத்திவிடலாம். நாற்பதிலும் முடியும், முதுகு வலிக்கும்.

பெருக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆண்தான் சுமக்கிறது, ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள். ஃபுளோரிடாவின் சீடர் கீயில் இந்த இனத்தின் வாழ்க்கையை ஆராய்ந்து 1958இல் எழுதிய கர்க் ஸ்ட்ரான், பருவக்காலத்தில் ஒரு மாதத்துக்கு இருமுறை ஈனக்கூடும் என்று பதிவு செய்திருக்கிறார். பிறந்த குஞ்சு ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர். பல பெரிய இனங்களின் குஞ்சுகள் பல நாள் நீரோட்டத்தில் மிதந்து திரிய, இவை பிறந்ததுமே வாலால் பற்றிக்கொண்டு பெற்றோர் தின்னும் அதே ஆர்ட்டீமியாவைத் தின்னத் தொடங்கிவிடும். தனித் தொட்டி தேவையில்லை என்பது பெரிய வரம். ஆனால் நான்கு லிட்டரில் ஒரே ஈற்றில் கூட்டம் தாங்காது. இருபதில் சில ஈற்றுகள்வரை மூச்சு விடலாம்.

ஐந்தாவது வழி ஒன்று இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே நூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தால், அதற்குள் மெல்லிய வலைச் சுவர் கொண்ட பெட்டி ஒன்றைத் தொங்கவிடலாம். மீன்களும் இரையும் சில லிட்டருக்குள் அடங்கும், நீரோ நூறு லிட்டருடையது. கிண்ணத்தின் அடர்த்தியும் பெரிய தொட்டியின் பொறுமையும் ஒருசேரக் கிடைக்கும். வலை அடைத்துக்கொள்ளும், தினமும் துடைக்க வேண்டும். பெரிய தொட்டியில் பவளமோ கடற்சாமந்தியோ இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். ஹைட்ராய்டுக்கு மருந்து போட நேர்ந்தால் அவை தாங்காது.

இந்தியாவிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு சொல். இங்கே கடற்குதிரைகள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பாக் நீரிணையில் வலையில் சிக்கியதாகச் சொல்லி யாராவது உயிரோடு கொடுத்தாலும் வாங்காதீர்கள். உலக அளவிலும் 2004 முதல் கடற்குதிரையின் எல்லா இனங்களின் பன்னாட்டு வணிகமும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

சட்டப்படி வளர்க்கக்கூடிய நாட்டில் இருப்பவர்கள், மீனை வாங்கும் முன் மூன்று வாரம் வெறும் தொட்டியை ஓட்டிப் பாருங்கள். மீன் இல்லாமலே தினமும் காலையில் ஆர்ட்டீமியா முட்டைகளைப் பொரிக்கப் போடுங்கள், மறுநாள் வடிகட்டுங்கள், மாலையில் உப்பை அளந்து, ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றுங்கள். மூன்றாவது வாரத்திலும் அதைத் தவறாமல் செய்துகொண்டிருந்தால் இருபது லிட்டருக்கு மீன் வாங்கலாம்.